வளையல் அளவு

"ஆ காட்டு."

"நான் என்ன கைக்குழந்தையா? தட்டை வை அண்ணி. இடது கையால சாப்பிட்டுக்கறேன்."

"நேத்து சாப்பிட்ட லட்சணத்தைத்தான் பார்த்தேனே. பாதி மடியில, பாதி தரையில. எறும்புக்கு ஏக விருந்து. ஆ காட்டுடி."

சின்னவள் வாயைத் திறந்தாள். பருப்பும் முட்டையும் போட்டுப் பிசைந்த சோறு. ஒரு வாய் உள்ளே போனதும் அடுத்ததை உருட்டிக்கொண்டு அண்ணி காத்திருந்தாள். சின்னவளின் வலது கை மட்டும் தலையணை மேல் வெள்ளைத் துணிப் பொதியாக, வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் தனியே கிடந்தது.

வானம் காலையிலிருந்து மூடிக் கிடந்தது. மழை வருவேன் வருவேன் என்று பயம் காட்டுகிறதே தவிர வரக் காணோம். இருப்பது ஓர் அறை. அதிலே குறுக்கே ஒரு திரை கட்டி, திரைக்கு அந்தப் பக்கம் அடுப்பு. துவைத்த துணி இரண்டு நாளாகக் கொடியிலேயே ஈரமாகத் தொங்கி, ஆஸ்பத்திரி மருந்து வாசனையோடு சேர்ந்து ஒரு புழுக்க நாற்றம். விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை.

அவளை அண்ணி என்று கூப்பிட முறையுள்ளவள் ஒருத்திதான், புருஷனின் தங்கை சின்னவள். ஆனால் சின்னவள் வேலைக்குச் சேர்ந்த அன்றிலிருந்து ஷெட்டின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடிக்கு "அண்ணி! அண்ணி!" என்று கத்தப்போய், அங்கே இருக்கிற எல்லாருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். வயதில் மூத்தவர்களுக்கும் அண்ணி, வாட்ச்மேனுக்கும் அண்ணி.

மூன்று பேருக்கும் அதே ஷெட்தான். கதவுக் கீல் செய்கிற இடம். அண்ணி பிரஸ்ஸில் உட்கார்ந்து தகட்டை வளைப்பவள். புருஷன் அந்தப் பிரஸ்களுக்கு டை என்கிற இரும்பு அச்சை மாட்டி, அளவு வைத்துக் கொடுக்கிற செட்டர். சின்னவள் மேஜையில் கீல்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்குபவள். பிரஸ்ஸில் உட்கார்வது அவள் வேலையே அல்ல. அன்றைக்கு அண்ணிக்குக் கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ரொட்டிபோல் உப்பி, வாயைத் திறக்க முடியாமல் வீட்டில் படுத்துவிட்டாள். பிரஸ்ஸை நிறுத்தக் கூடாது என்று போர்மேன் சின்னவளைக் கொண்டுபோய் அதில் உட்கார வைத்தார். மத்தியானத்துக்குள் சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. பல் வலி எந்த நிமிஷத்தில் நின்றது என்று அண்ணிக்கு இன்றைக்கும் தெரியாது.

"போதும் அண்ணி."

"இன்னும் ரெண்டு வாய்."

"எனக்கு விரல்தான் இல்ல, வயிறு அதே அளவுதான் இருக்கு. போதும்."

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. முதலில் செட்டர் உள்ளே வந்தான். வேலை முடிந்து வந்தவன் முகத்தில் வேலை முடிந்த களை இல்லை. பின்னாலேயே ஆரஞ்சுப் பழப் பையோடு போர்மேன்.

போர்மேனுக்கு ஷெட்டில் பெயர் 'ஆகட்டும்'. முதலாளி என்ன சொன்னாலும் ஆகட்டும், வேலையாட்கள் என்ன கேட்டாலும் ஆகட்டும். முதல் ஆகட்டும் நடக்கும், இரண்டாவது நடக்காது. மற்றபடி கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது.

"ஆகட்டும், ஆகட்டும், எழுந்திருக்காதேம்மா," என்றபடி பெட்டிமேல் உட்கார்ந்தார். "கை எப்படி இருக்கு?"

"இருக்கறது இருக்கு சார்," என்றாள் சின்னவள்.

அவர் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பையை அண்ணியிடம் நீட்டினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நாளைக்கு இன்ஸ்பெக்டரம்மா வராங்க. ஆக்சிடெண்ட் ஆனா வந்து பார்க்கணும், அது சட்டம். உன்னையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. என்னம்மா நடந்துச்சுன்னு கேட்பாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். மணிக்கட்டு அரிச்சுது, கடிவாளத்தக் கழட்டினேன், திருப்பி மாட்ட மறந்துட்டேன். தீர்ந்துது."

"நான் கழட்டலியே சார்."

"தெரியும்மா. தெரியாமயா வந்து உக்காந்திருக்கேன்?"

கடிவாளம் என்பது பெண்கள் வைத்த பெயர். பிரஸ்ஸில் உட்காருகிறவளின் இரண்டு மணிக்கட்டிலும் தோல் பட்டை கட்டி, அதிலிருந்து ஒரு கம்பிக் கயிறு முதுகுப் பக்கமாக மேலே போய் மிஷினோடு சேரும். பெடலை மிதித்தால் மேலிருந்து மிஷினின் இரும்புத் தலை இறங்கும். தலை இறங்க இறங்கக் கயிறு கையைப் பின்னால் இழுத்துவிடும். மறந்து கையை வைத்திருந்தாலும் மிஷினே கையை எடுத்துவிட வேண்டும், அதுதான் ஏற்பாடு. சாயந்திரம் வரைக்கும் வெடுக் வெடுக்கென்று இழுபட்டுத் தோள்பட்டை விட்டுப்போகும்.

"கழட்டலைன்னு சொன்னா என்ன ஆகும் சார்?" என்றாள் அண்ணி.

"கட்டியிருந்தும் எப்படிம்மா வெட்டுச்சும்பாங்க. அளவு தப்புன்னு வரும். அளவு வெச்சது யாருன்னு வரும்." போர்மேன் செட்டரைப் பார்க்காமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் யார் மேலயும் பழி போடற ஆள் இல்ல. ஆனா மேல இருக்கறவங்க ஒரு பேர் கேட்பாங்க. வேலை போறதோட நிக்காது, கேஸு, கோர்ட்டுன்னு இழுக்கும். அதே இவ கழட்டினேன்னு சொல்லிட்டா, ஏதோ சின்னப் பொண்ணு தெரியாம செஞ்சுட்டான்னு போயிடும். பேக்கிங்ல உக்காந்த இடத்துல வேலை, ஆயுசுக்கும். அதுக்கு நான் பொறுப்பு."

"வாயாலதானே சொல்றீங்க?"

"நம்ம ஷெட்ல எதும்மா வாயால நடக்கல?"

அது என்னவோ உண்மைதான். அவர் டீ கூட வேண்டாம் என்று எழுந்து போனார். போகும்போது செட்டரின் தோளை ஒரு தட்டுத் தட்டினார். செட்டர் அசையவில்லை.

செட்டர் ஓர் ஆரஞ்சை எடுத்து உரித்தான். சுளையைப் பிரித்தான், நாரை எடுத்தான், தட்டில் வரிசையாக வைத்தான். ஒருவரும் தொடவில்லை.

"ஏங்க," என்றாள் அண்ணி. "இத்தனை நாளா நான் கேக்கல. ஆஸ்பத்திரியில வெச்சுக் கேக்க வாய் வரல. அன்னைக்குக் கட்டிவிட்டது நீங்கதானே?"

"நான்தான்."

"சுத்திப் பார்த்தீங்களா?"

அவன் ஒரு சுளையை எடுத்து, எடுத்த நாரையே திரும்பத் தேடினான்.

சுற்றிப் பார்ப்பது என்று ஒன்று உண்டு. பிரஸ்ஸில் ஆள் மாறினால் கரண்டை நிறுத்திவிட்டு, பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றித் தலையை மெல்ல இறக்க வேண்டும். உட்கார்ந்திருப்பவள் கையை எட்டினமட்டும் நீட்டி வைத்திருப்பாள். தலை கீழே வந்து சேர்வதற்குள் அவள் விரல் நுனி வெளியே வந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கயிற்றைக் குறைக்க வேண்டும். அதைச் செய்ய வேண்டியது செட்டர்.

"உங்களைத்தாங்க கேக்கறேன்."

"பார்க்கல."

"ஏன்?"

"என்னத்தச் சொல்ல? பட்டையை எடுத்து அவ மணிக்கட்டுல சுத்தினேன். நீ போடற அதே ஓட்டையில கச்சிதமா உக்காந்துச்சு. ஒரு நூல் கூடல, குறையல. உன் வளையலத்தானே அவளும் போடறா. அவளுதை நீ போடறே. விசேஷத்துக்குப் போறப்போ எது யாரோடதுன்னு ரெண்டு பேரும் சண்டை பிடிக்கறீங்க. வளையல் அளவு ஒண்ணு, கையும் ஒண்ணுதான்னு தோணிடுச்சு. பின்னாடியே நின்னுக்கிட்டு போர்மேன் வேற, 'உங்க வீட்டுக் கைதானே செட்டரே, எதுக்குச் சுத்திக்கிட்டு, லாரி காத்திருக்கு'ன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

அண்ணி எழுந்து சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுடைய இடது கையை எடுத்துத் தன் உள்ளங்கையோடு வைத்துப் பார்த்தாள். மணிக்கட்டும் மணிக்கட்டும் ஒன்றுதான். உள்ளங்கையும் ஒன்றுதான். அதற்கு மேலே சின்னவளின் விரல்கள், அண்ணியின் குட்டை விரல்களைத் தாண்டி, ஒரு கணு உயரம் நீட்டிக்கொண்டிருந்தன.

"வெண்டைக்காய் விரல்னு நீதானே சொல்லுவே," என்றாள் சின்னவள். கையை இழுத்துக்கொள்ளவில்லை. "தகடு டையில ஒட்டிக்கிச்சு அண்ணி. நுனி விரலால நோண்டினேன். காலு அதுபாட்டுக்கு மிதிச்சிருச்சு. கயிறு இழுக்கத்தான் இழுத்துச்சு, தோளே கழண்டுபோற மாதிரி. ஆனா உன் கையைக் காப்பாத்தற அளவுக்குத்தான் இழுத்துச்சு. இப்போ வலது கை சரியா உன் அளவுக்கு வந்துடுச்சு, பாரேன். கூட இருந்ததுதான் போச்சு."

சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். செட்டர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டான்.

"நான் சொல்லிடறேன்ணே," என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னாள் சின்னவள். "அரிச்சுதுன்னு சொல்லிடறேன். எனக்குப் போனது போனதுதான். சொன்னா திரும்பியா முளைக்கப்போகுது? உன் வேலையும் போயி, மூணு பேரும் உக்காந்து இந்த விசிறியவா பார்த்துக்கிட்டு இருக்கறது?"

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. தலைச்சுமையை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்டதுபோல அவளுக்கு ஒரு நிமிஷம் கழுத்து லேசாயிற்று. வாங்கிக்கொண்டது யார் என்று நினைத்ததும் தன்னையே பிடிக்காமல் போயிற்று. எச்சில் தட்டை எடுத்துக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை இன்ஸ்பெக்டரம்மா வந்தபோது பிரஸ்களை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். ஷெட்டில் அப்படி ஒரு நிசப்தத்தை அண்ணி கேட்டதே இல்லை. தகரக் கூரையில் காக்கை நடக்கிற சத்தம்கூடக் கேட்டது.

கடுகடுவென்று ஓர் ஆளை எதிர்பார்த்திருந்தார்கள். வந்தவள் ஐம்பதை ஒட்டிய பெண். தோளில் கனத்த பை, தேய்ந்த ஷூ. முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கி நின்றபடியே குடித்தாள். பிறகு பிரஸ்ஸை ஒரு சுற்று சுற்றி வந்தாள். துடைத்துவிட்டிருந்தார்கள். எண்ணெய் போட்டிருந்தார்கள். சுவரில் புதிதாக ஓர் அறிவிப்புப் பலகைகூட முளைத்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு விரலில் ஒட்டிய பெயின்ட்டைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"நீங்கதானாம்மா? உக்காருங்க. என்ன நடந்துச்சு?"

சின்னவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள். "மணிக்கட்டு அரிச்சுது மேடம். கழட்டி வெச்சேன். திரும்ப மாட்ட மறந்துட்டேன்."

இன்ஸ்பெக்டரம்மா அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நீங்களும் கழட்டிட்டீங்களா? நான் போற ஷெட்ல எல்லாம் பொண்ணுங்க கழட்டிடறாங்க. ஒருத்திக்கு அரிக்குது, ஒருத்திக்கு வேர்க்குது. யாரைக் கேட்டாலும் இதேதான். வேற எதையாவது யாராவது சொன்னாத்தானே நான் எழுத முடியும்?" பெருமூச்சு விட்டாள். "சரி. கழட்டறதுதான் பிரச்சினைன்னா கழட்ட முடியாதபடி பண்ணிடுவோம். போர்மேன், எல்லாப் பட்டைக்கும் பூட்டு வைங்க. வேலை ஆரம்பிக்கறப்போ பூட்டி, சாவி செட்டர்கிட்ட இருக்கணும். அதுவரைக்கும் இந்த ஒரு பிரஸ் ஓடக் கூடாது."

"ஆகட்டும் மேடம். நாளைக்கே வெச்சுடலாம்."

பெண்களிடையே சலசலப்பு எழுந்தது. அடுத்த பிரஸ்ஸில் உட்காருகிறவளுக்கு ரேடியோ என்று பெயர், வாய் ஓயாது.

"பூட்டா? நாங்க என்ன திருட்டு மாடா மேடம்? பாத்ரூம் போகணும்னா?"

"செட்டரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லணும்," என்றார் போர்மேன்.

"செட்டர் டீக்கடையில இருந்தா?"

"அடக்கிக்க."

சிலர் சிரித்தார்கள்.

"தீப்பிடிச்சா?" என்றாள் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை. ரேடியோ சின்னவள் பக்கம் திரும்பினாள். "நல்லா இருடி மகராசி. உனக்கு அரிச்சுது, எங்களுக்குப் பூட்டு. மேஜையில பெட்டி அடுக்கறவளுக்கு ஒரு நாள் பட்டை கட்டப் பொறுக்கல. நாங்க வருஷக்கணக்கா கட்டிக்கிட்டு இருக்கோமே, எங்களுக்கெல்லாம் தோல் இல்லியா?"

சின்னவள் நிமிரவில்லை. இடது கையால் துணிப்பொதியைப் பிடித்துக்கொண்டு, காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தாள்.

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவன் தூணோரம் நின்று கையில் இருந்த எண்ணெய்த் துணியை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தான். சொல்லுவான், இப்போது சொல்லுவான் என்று காத்திருந்தாள். அவன் துணியை மடித்தான். இன்ஸ்பெக்டரம்மா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அண்ணிக்குத் தன் மணிக்கட்டில் பூட்டு விழுகிற 'டக்' சத்தம் கேட்டதுபோல் இருந்தது. பூட்டின கையோடு, யார் கைக்கு வைத்த அளவோ தெரியாமல், சாவி வேறெங்கோ இருக்க.

"மேடம்," என்றாள். தன் குரல் அந்த நிசப்தத்தில் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நினைக்கவில்லை. "கழட்டல மேடம். பட்டை கட்டித்தான் இருந்துச்சு. என் கைக்கு வெச்ச அளவுல கட்டியிருந்துச்சு. அவ விரலு என் விரலவிட நீளம்."

"அண்ணி!" என்றாள் சின்னவள்.

"இவங்க யாரு?"

"அந்தப் பொண்ணோட அண்ணி மேடம்," போர்மேன் முந்திக்கொண்டார். "பாசத்துல ஏதோ பேசறாங்க. நீங்க அதெல்லாம்..."

"இருங்க." இன்ஸ்பெக்டரம்மா பையைக் கீழே வைத்தாள். முகத்தில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. முடிந்தது என்று நினைத்த வேலை இன்னும் முடியவில்லை என்கிற சலிப்புத்தான். "அன்னைக்கு அப்புறம் கயிறைத் தொட்டீங்களா யாராவது?"

"இல்ல மேடம்," என்றான் செட்டர்.

"மெயின் ஆஃப் பண்ணிட்டீங்கல்ல? ஒரு அட்டையை அந்தப் பொண்ணு கை நீளத்துக்கு வெட்டிக் கொண்டு வாங்க. வெச்சுச் சுத்திப் பார்த்துடுவோம்."

"அட்டை எதுக்கு?" சின்னவள் எழுந்து நின்றாள். "இடது கை அப்படியே முழுசாத்தானே இருக்கு."

"வேண்டாம்மா. நீங்க உக்காருங்க."

"கரண்டு இல்லியே மேடம். கையாலதானே சுத்தப் போறாங்க."

யாரும் தடுப்பதற்குள் அவள் போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். அண்ணிமேல் வந்த கோபமா, ரேடியோமேல் வந்த கோபமா, யார்மேல் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. தொங்கிய பட்டையைப் பல்லால் கடித்து இழுத்தாள், ஒற்றைக் கையால் முடியவில்லை. அண்ணி போய்க் கட்டிவிட்டாள். அதே ஓட்டை. கச்சிதமாக உட்கார்ந்தது. சின்னவள் கையை எட்டினமட்டும் நீட்டி டையின்மேல் விரலை விரித்து வைத்தாள். வெண்டைக்காய் விரல் ஐந்தும் இரும்பின்மேல் அழகாகக் கிடந்தன.

"சுத்துண்ணே," என்றாள்.

செட்டர் சக்கரத்தைப் பிடித்தான். கால் சுற்று சுற்றினான். தலை நகர்ந்தது. கயிறு இறுகிச் சின்னவள் கை மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினான். கை வந்தது. தலையும் வந்தது.

"இன்னும்," என்றாள் இன்ஸ்பெக்டரம்மா குனிந்து பார்த்தபடி. "நான் சொன்னதும் நிறுத்துங்க."

சக்கரம் நகரவில்லை.

"சுத்துண்ணே. பார்க்கட்டும்."

அவன் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிடி நழுவினால் தலை இறங்கிவிடுமோ என்பதுபோல் அவ்வளவு அழுத்திப் பிடித்திருந்தான்.

"என்னால முடியாது மேடம்," என்றான். "வெளிய வராது. உள்ளதான் இருக்கும். நான்தான் கட்டினேன். சுத்திப் பார்க்கல. அவ கழட்டவே இல்ல."

"ஏன் பார்க்கல?"

அவன் போர்மேனைப் பார்த்தான். போர்மேன் கூரையைப் பார்த்தார்.

"ஆள் மாறினா சுத்திப் பார்க்கறது இங்க வழக்கமே இல்ல மேடம்," என்றாள் ரேடியோ. இந்த முறை சத்தம் போடாமல் பேசினாள். "போன மாசம் என் பிரஸ்ஸுல மூணு பேர் மாறி மாறி உக்காந்தோம். யாரு பார்த்தா?"

இன்ஸ்பெக்டரம்மா குனிந்து, தன் கையாலேயே சின்னவளின் பட்டையை அவிழ்த்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாப் பிரஸ்ஸும் நிக்கட்டும். ஒவ்வொருத்தர் கைக்கும் அளவு வெச்சு, என் முன்னாடி சுத்திக் காட்டற வரைக்கும் ஒண்ணும் ஓடக் கூடாது."

"மேடம், ஆர்டர் நிக்குது, லாரி..."

"நிக்கட்டும்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் போர்மேன் ஆகட்டும் என்று சொல்லவில்லை.

செட்டரை மறுநாள் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். வேலைக்கு அல்ல, விசாரணைக்கு. பெண்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எப்போது திரும்ப வரவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. வாசலில் செருப்பு தேடும்போது ஒருத்தி, "நல்ல காரியம் பண்ணினே அண்ணி, இந்த வாரம் அடுப்பெரிஞ்ச மாதிரிதான்," என்றாள். ரேடியோ அவளை இழுத்துக்கொண்டு போனாள். இழுத்துக்கொண்டு போனாளே தவிர, அவளும் அண்ணியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

தூறல் போட ஆரம்பித்திருந்தது. நனைக்கிற மழையும் இல்லை, நிற்கிற மழையும் இல்லை. சின்னவளின் கைக்கட்டு நனையாமல் அண்ணி முந்தானையால் மூடிக்கொண்டு நடந்தாள். செட்டர் பத்தடி பின்னால் வந்தான்.

தெரு திரும்பியதும் சின்னவள் ஆரம்பித்தாள்.

"எதுக்கு அண்ணி சொன்னே? நான்தான் சொல்லிட்டேன்ல? ரேடியோ நாலு வார்த்தை பேசினா, பேசிட்டுப் போறா. ரெண்டு நாள்ல மறந்துருவா. இப்போ அண்ணன் வேலையும் போச்சு. என் விரலும் போயி, அதுவும் போயி. யாருக்காகச் சொன்னே? எனக்காகன்னு மட்டும் சொல்லாதே."

"உனக்காக இல்ல."

"பின்னே?"

அண்ணி முந்தானையை இன்னும் கொஞ்சம் இழுத்துக் கைக்கட்டின் மேல் போட்டாள்.

"நீ இனிமே அந்த ஸ்டூல்ல உக்காரப் போறதில்ல," என்றாள். "நான் உக்காருவேன்."

சின்னவள் நின்றாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவனும் பின்னால் நின்றுவிட்டான். தூறலில் மூன்று பேரும் நடுத்தெருவில் நின்றார்கள். ஒரு சைக்கிள்காரன் மணி அடித்து வழி கேட்டான்.

"நாளைக்கு ஆபீஸ்ல என்ன கேட்பாங்களோ," என்றான் செட்டர், யாரையும் பார்க்காமல்.

"எது கேட்டாலும் நடந்ததைச் சொல்லுங்க," என்றாள் அண்ணி. "இப்போ நடங்க. அவ கை நனையுது."